கண்ணை மூடச் சொன்னவர்கள்

சகாயசெல்வியின் கோபத்தைப் பற்றித் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தெரியாதவர்கள் இல்லை. வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் அவள். பம்பாய்க்கு லைன் கிடைக்கவில்லை என்றால் ஊரில் எல்லோரும் ஆபரேட்டரைத்தான் திட்டுவார்கள். மற்ற பெண்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள், மிஞ்சிப்போனால் பாத்ரூமில் போய் அழுவார்கள். செல்வி விடமாட்டாள். ஒருமுறை ஒரு ரைஸ்மில் முதலாளி கெட்ட வார்த்தை சொல்லிவிட்டார். “அவ்ளோ அவசரம்னா நடந்து போயி சொல்லிட்டு வாய்யா. போறதுக்கு முன்ன வாயக் கழுவிக்கினு போ” என்று சொல்லி லைனைப் பிடுங்கினாள். அதற்கு அவளுக்கு மெமோ வந்தது. மெமோவுக்கு அவள் எழுதிய பதிலைப் படித்துவிட்டு அதிகாரி அந்த விஷயத்தையே மூடிவிட்டார்.

கோபத்தோடு தலைவலியும் வந்தது. மாத்திரை தின்று தின்று வயிறு எரிய ஆரம்பித்த வருஷம் 1993. அந்த வருஷம்தான் சீனுவாசன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். விழுப்புரத்தில் பாண்டி ரோட்டை ஒட்டி ஒரு வீட்டு மாடியில் தியான மன்றம் நடத்திக்கொண்டிருந்தார். ஊழியர்களுக்கு மன அமைதி சொல்லித்தர அவரை யாரோ அழைத்து வந்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, மெதுவான குரல். “கண்ணை மூடிக்குங்க. மூச்சு எங்க தொடுதுன்னு மட்டும் பாருங்க” என்றார். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். செல்வி தூங்கவில்லை.

அவள் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு பாயை மடித்துப் போட்டு, விடியும் முன்னே உட்கார ஆரம்பித்தாள். முதலில் கால் மரத்துப்போனது. கடையில் வாங்க வேண்டிய சாமான்கள், மாமியார் சொன்ன சொல், ரேடியோவில் கேட்ட பாட்டு என்று மண்டைக்குள் ஒரே சந்தைக் கூச்சல். ஆனாலும் விடவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் வேலையில் இருக்கும்போது எவனோ திட்டினான். வசவு காதில் விழுந்தது. பதில் உள்ளேயிருந்து கிளம்பி வாய் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது. அது நிற்பதை அவள் பார்த்தாள். “கொஞ்சம் இருங்க சார், ட்ரை பண்றேன்” என்றாள். பக்கத்து போர்டுப் பெண் திரும்பி, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

தலைவலி போனது. இதை மறைப்பதற்கில்லை. பிற்பாடு நடந்ததை எல்லாம் சொல்லும்போதுகூட செல்வி இதை மறைத்ததில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவளுக்கு நல்ல வருஷங்கள். மகள் வெனிலா பிறந்தாள். டிரங்க் போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மெஷின் வந்தது. செல்வியை பில் கவுண்டருக்கு மாற்றினார்கள். எது வந்தாலும் அவள் விடியற்காலையில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் புருஷன் பாக்கியராஜுக்குத் தியானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. “வூட்டுல சத்தம் கொறஞ்சிருக்குது. அதுவே போதும்பா” என்று சிரிப்பார். அடுத்த வீட்டு சவுரியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஜெபமாலைய வுட்டுட்டு இது இன்னாத்துக்கு உனக்கு?” என்பாள். செல்வி ஜெபமாலையையும் விடவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சண்டை போட்டதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மன்றம் வளர்ந்தது. மாடி போதாமல் சொந்தமாக ஹால் கட்டினார்கள். புதியவர்களுக்கு வகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சீனுவாசன் செல்வியை மேடைக்கு அழைப்பார். “இந்த அம்மாவைப் பாருங்க. எரிமலையா வந்தாங்க, இன்னைக்கு ஏரித் தண்ணி மாதிரி இருக்காங்க.” கை தட்டுவார்கள். செல்வி மைக்கைப் பிடித்து ரைஸ்மில் முதலாளி கதையைச் சொல்வாள். கூட்டம் சிரிக்கும். அதைக் கேட்டுவிட்டு எத்தனையோ பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

2005-ல் ஒரு மௌன முகாம் வைத்தார்கள். ஒரு வாரம் பேசக்கூடாது, யாரையும் பார்க்கக்கூடாது, எந்நேரமும் உட்கார வேண்டும். நடுவில் ஒரு நாள் அவளுக்குள் ஏதோ திறந்துகொண்டது. உடம்பு காணாமல் போனது. வெளிச்சம் மாதிரி ஒன்று. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

முகாம் முடிந்து திண்டிவனம் பஸ்ஸில் திரும்பினாள். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள் ஜன்னலடியில் வந்து கத்தினார்கள். அந்தக் கத்தல் அவள் மண்டை ஓட்டுக்குள்ளேயே கேட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். வளையல் அவளுடையது. கை யாருடையது என்று தெரியவில்லை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. இதுவும் போகும் என்று உட்கார்ந்திருந்தாள்.

போகவில்லை.

தூக்கம் போனது. மிக்ஸி ஓடினால் பல்லுக்குள் கம்பி விட்டு இழுப்பதுபோல இருந்தது. முதுகுத்தண்டில் சூடாக ஏதோ ஏறி இறங்கியது. கவுண்டரில் ரூபாய் நோட்டை எண்ணும்போது பாதியில் நின்று, யார் எண்ணுவது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். ஒரு காலையில் வெனிலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னுகிற விரல்கள் எங்கோ தூரத்தில் இருந்தன. அந்தப் பிள்ளை திரும்பி, “ஏம்மா என்னை இப்புடிப் பாக்குற?” என்றது. செல்விக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் பிரியமும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை. சுவரைப் பார்ப்பதுபோல இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

பாக்கியராஜ் வேனுக்கு லீவு போட்டுவிட்டு அவளை சீனுவாசனிடம் அழைத்துப் போனார். சீனுவாசன் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார்.

“ரொம்ப நல்ல அடையாளம்மா இது. ‘நான்’ கழலுது. வாசல்ல நிக்கிறீங்க. பயப்படறது உங்க அகங்காரம். இன்னும் அதிக நேரம் உட்காருங்க.”

“ஐயா, எம் பொண்ணப் பாத்தா ஒண்ணுமே தோணல.”

“பற்று விடுதும்மா.”

பாக்கியராஜ் குறுக்கே பேசினார். “சார், அவ சோறு துன்னு நாலு நாள் ஆவுது. தூங்கவே மாட்டேங்குறா.”

“நீங்க கவலைப்பட்டுத்தான் அவங்களைக் கீழ இழுக்கறீங்க” என்றார் சீனுவாசன்.

செல்வி அவர் சொன்னபடியே செய்தாள். பன்னிரண்டு வருஷம் அவர் சொன்னது ஒவ்வொன்றும் பலித்திருந்ததே. காலையில் இரண்டு மடங்கு உட்கார்ந்தாள், சாயங்காலமும் உட்கார்ந்தாள். மாதம் முடிவதற்குள் அவளால் தெருவில் தனியாக நடக்க முடியாமல் போனது. தரை இருக்கிறது என்பதை அடிக்கடி காலால் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சவுரியம்மாள் வந்து, கண்டவனிடம் போய்க் கண்ணை மூடினால் கண்டது உள்ளே பூந்துவிடும், ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தார்கள். ஆபீஸில் சம்பளமில்லாத விடுப்பு போட்டார்கள்.

இரண்டாம் முறை போனபோது சீனுவாசன் உட்காரச் சொல்லவில்லை. நிற்க வைத்தே பேசினார். இது முன்வினை என்றார். பயிற்சியில் ஏதோ அவசரப்பட்டிருக்கிறாள் என்றார். கொஞ்ச காலம் மன்றத்துக்கு வர வேண்டாம் என்றார்.

“இன்னொண்ணு. இதையெல்லாம் புதுசா வர்றவங்ககிட்ட பேசாதீங்கம்மா. அவங்க நம்பிக்கை கெடும்.”

செல்வி தலையாட்டிவிட்டு வந்தாள். கோபம் வரவில்லை. வருவதற்கு உள்ளே யாரும் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

பாக்கியராஜுக்குக் கோபம் வந்தது. கேட்டைத் தாண்டியதும், “பன்னெண்டு வருசம் மேடையில ஏத்திக் காட்டுனான். இப்ப நிக்க வெச்சி அனுப்புறான் பாரு” என்று பல்லைக் கடித்தார். அவர்தான் பாண்டிச்சேரியில் ஒரு மனநல டாக்டரிடம் கொண்டுபோனார். அந்த டாக்டர் இளம் வயசுப் பெண். தூங்குவதற்கு மருந்து கொடுத்தாள். “எதனாலன்னு முழுசா எனக்குத் தெரியாதுங்க. ஆனா தியானத்தை இப்போதைக்கு நிறுத்துங்க. கண்ணை மூடாதீங்க. மண்ணுல வேலை செய்யுங்க, நல்லா சாப்பிடுங்க” என்றாள். தெரியாது என்று ஒருத்தி சொன்னதே பாக்கியராஜுக்கு ஆறுதலாக இருந்தது. செல்வி தூங்கினாள். கொஞ்சம் சாப்பிட்டாள். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத்தான் வீட்டில் இருந்தாள்.

அப்படி இருந்த ஒரு மத்தியானம் கோவிந்தம்மாள் வந்தாள்.

கோவிந்தம்மாளுக்குக் கோலியனூர் பக்கம் சொந்த நிலம், கரும்பும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள். செல்விக்கு இரண்டு மூன்று வருஷம் பின்னால் மன்றத்தில் சேர்ந்தவள். முகாம்களில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்காருவார்கள். இடையில் ஒரு வருஷம் அவள் வராமல் இருந்தாள். கேட்டதற்கு அறுவடை, முழங்கால் வலி என்று எதையோ சொன்னாள். இப்போது வேகவைத்த மல்லாட்டையை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். வீட்டுக்குள் வந்தவள் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உன்னப் பாக்கப் போவக் கூடாதுன்னு ஐயா நம்ம முகாம் ஆளுங்ககிட்ட சொல்லிருக்காரு செல்வி” என்றாள்.

“அப்ப நீ ஏங்க்கா வந்த?”

“எனக்கும் வந்துச்சி, அதான்.”

செல்வி நிமிர்ந்தாள்.

“கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்தேன். மம்பட்டி கையில இருக்குது, கை என்னுது இல்ல. கால் எங்க இருக்குதுன்னே தெரில. வரப்புலயே ஒக்காந்துட்டேன். அதுக்கப்புறம் தூக்கமே இல்ல, ஒரே பேஜாரு. ஐயாகிட்ட போனேன். வாசல்ல நிக்கிற, இன்னும் ஒக்காருன்னாரு. பொறவு முன்வினைன்னாரு. வெளிய சொல்லாத, அடுத்தவங்க நம்பிக்கை கெடும்னாரு. நான் சொல்லல.”

“எப்பக்கா?”

“உனக்கு வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்ன.” கோவிந்தம்மாள் தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். “நான் மட்டுமில்ல. போஸ்ட் ஆபீஸ் தாண்டவராயன் இருந்தாரே, மாத்தல்ல போயிட்டார்னு சொன்னாங்களே, அவரு எங்கயும் போவல. ஆஸ்பத்திரியில கெடந்தாரு.”

செல்விக்குத் தாண்டவராயனை நன்றாகத் தெரியும். சாதுவான மனுஷன். மேடையில் அவள் சொன்ன ரைஸ்மில் கதையைக் கேட்டுச் சிரித்து, அன்றே பெயர் கொடுத்தவர்.

அப்போது அவள் வயிற்றில் ஏதோ சூடாகப் புரண்டது. முதுகில் ஏறும் அந்தப் பழைய சூடு இல்லை இது. வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது, காது மடல் எரிந்தது. சீனுவாசனுக்குத் தெரிந்திருக்கிறது. முகாமுக்குப் போகும் முன்னே தெரிந்திருக்கிறது. வாசல், நல்ல அடையாளம் என்று புன்னகைத்தபோது தெரிந்திருக்கிறது. இன்னும் அதிகமாக உட்கார் என்று அனுப்பியபோது, அப்படி உட்கார்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதை எடுத்துச் சுவரில் அடித்தாள். பிறகு வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினாள். பன்னிரண்டு வருஷமாக வாயருகே நின்றுபோன வசவுகள் எல்லாம் வரிசை கட்டி வெளியே வந்தன. கோவிந்தம்மாள் அரண்டுபோய் எழுந்து நின்றாள். சத்தம் கேட்டு வெனிலா உள் அறையிலிருந்து ஓடி வந்தாள். செல்வி திரும்பிப் பார்த்தாள். ஈரத் தரையில் வழுக்கிவிடப் போகிறாளே என்று பதறி, “அங்கயே நில்லுடி” என்று கத்தினாள். கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதறியது அவள். அது அவள் பிள்ளை. அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அன்றைக்கு அவள் அழுதாள்.

மறுநாள் எல்லாம் பழையபடி தூரத்துக்குப் போய்விட்டது. ஆனால் ஒருமுறை வந்தது திரும்ப வரும் என்று அவளுக்குத் தைரியம் பிறந்தது. எதைக் கரைக்க வேண்டும், எதைப் பார்த்துக்கொண்டே இருந்து போகவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார்களோ, அதைத்தான் அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் சீனுவாசனின் முகத்தை நினைப்பாள். கோபம் வரும். கோபம் வந்தால் கையும் காலும் இருப்பது தெரியும். தோட்டத்தில் கத்திரிச் செடிக்கு மண் அணைத்தபடி முணுமுணுவென்று திட்டிக்கொண்டிருப்பாள். பாக்கியராஜ் தடுக்கவில்லை. “திட்டு, நல்லாத் திட்டு” என்பார்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் மன்றம் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய அறிமுக வகுப்பு வைத்தது. விழுப்புரம் முழுக்க போஸ்டர். செல்வி மன்றத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு பாக்கியராஜுடன் போனாள். கோவிந்தம்மாளும் வந்திருந்தாள், ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அனுபவம் பகிரும் நேரத்தில் செல்வி எழுந்து மேடைக்குப் போனாள். தொண்டர்களில் பாதிப் பேருக்கு அவள் விலக்கப்பட்ட விஷயம் தெரியாது. பழக்கமான முகம் என்று ஒருவர் மைக்கை நீட்டிவிட்டார். சீனுவாசன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்.

“என் பேரு சகாயசெல்வி. பன்னெண்டு வருசம் இங்க ஒக்காந்தேன். என் தலைவலி போச்சி, கோவம் போச்சி. அது நெசம். அப்புறம் என் தூக்கம் போச்சி. என் கை, கால் போச்சி. எம் பொண்ணு யாருன்றதே போச்சி.”

அவள் நடந்ததைச் சொன்னாள். வாசல் என்று சொன்னதை, முன்வினை என்று சொன்னதை, வெளியே பேசாதே என்று சொன்னதைச் சொன்னாள். யாரோ மைக்கை அணைத்தார்கள். டிரங்க் போர்டில் கரகரக்கும் லைனுக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“எனக்கு முன்னமே இது வேற ஆளுங்களுக்கு வந்திருக்குது. ஐயாவுக்குத் தெரியும். தெரிஞ்சே என்னை இன்னும் ஒக்காருன்னாரு. ஒரு மாத்திரை வாங்கினாகூட அட்டையில போட்டிருக்கான், இது இது வந்தா நிறுத்திட்டு டாக்டரப் பாருன்னு. எங்களுக்கு ஏன் சொல்லல?”

சீனுவாசன் எழுந்தார். கூட்டத்தைப் பார்த்து மெதுவான குரலில் சொன்னார். “அம்மா கோபத்துல இருக்காங்க. கோபம்தான் நோய்ங்கிறதை நாம கண்ணாலயே பார்க்கறோம். அவங்களுக்காக ஒரு நிமிஷம் கண்ணை மூடுவோம்.”

“மூடாதீங்க!” என்று கத்தினாள் செல்வி. “கண்ணத் தொறந்து என்னப் பாருங்க!”

பாதிப் பேர் கண்ணை மூடினார்கள். பாதிப் பேர் அவளைப் பார்த்தார்கள். இரண்டு தொண்டர்கள் அவள் கையைப் பிடித்து இறக்க வந்தார்கள். பாக்கியராஜ் நடுவில் பாய்ந்து ஒருவனின் சட்டையைப் பிடித்தார். அப்போது பின்வரிசையிலிருந்து கோவிந்தம்மாளின் குரல் கேட்டது. “எனக்கும் வந்துச்சி. அவ சொல்றது பொய்யில்ல.” சொல்லிவிட்டு அவள் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

அன்றைக்கு ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. வகுப்பு நடந்தது. பெயர் கொடுக்க வந்தவர்களில் பலர் கொடுத்தார்கள். பணம் பிடுங்க வந்த பொம்பளை என்றும், மதம் மாற்றுகிறவர்கள் ஏவிவிட்ட ஆள் என்றும் அவளைப் பற்றிப் பேசினார்கள். சவுரியம்மாள் பூரித்துப்போய், “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், சாத்தான் வேலைன்னு” என்று வந்து உட்கார்ந்தாள். செல்வி அவளையும் விடவில்லை. “அங்க அவன் முன்வினைன்றான், இங்க நீ சாத்தான்ற. ரெண்டு பேரும் எம் மேலதான் தப்புன்றீங்க. எழுந்து போ.”

ஒரு வாரம் கழித்து தாண்டவராயனின் மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் இளைத்திருந்தார். செல்வி பேச ஆரம்பித்ததும் அவர் தன் கையைப் பார்த்தபடியே, “உங்களுக்கும் தரையத் தட்டிப் பாக்கணும்னு தோணுச்சாம்மா?” என்று கேட்டார். தோணுச்சுங்க என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் குழந்தை மாதிரி விம்மினார். அவரைப் பாண்டிச்சேரி டாக்டரிடம் பாக்கியராஜே வேனில் அழைத்துப் போனார். பிறகும் வருஷத்துக்கு ஒருவர் இருவர் வந்தார்கள். வேறு வேறு மன்றங்களில் உட்கார்ந்தவர்கள், சொல்லிக்கொள்ள ஆள் இல்லாதவர்கள். செல்வி அவர்களுக்கு எதையும் கற்றுத்தரவில்லை. சோறு போடுவாள், கேட்பாள், தூக்கம் வருகிறதா என்று விசாரிப்பாள்.

அவளுக்கு முழுசாகச் சரியாக மூன்று வருஷம் போல ஆனது. மகளின் அந்த வயசு திரும்ப வராது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவள் தாடை இறுகும். வேலைக்குத் திரும்பினாள். எப்போதாவது விடியலில் பாயை விரித்து, கண்ணைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் உட்காருவாள். எழுந்திருக்கத் தோன்றினால் எழுந்துவிடுவாள். ஏன் இன்னும் உட்காருகிறாய் என்று பாக்கியராஜ் கேட்டார். “அது அந்தாளு சொத்தா இன்னா?” என்றாள்.

2012-ல் தாண்டவராயனின் மகனுக்குக் கூட்டேரிப்பட்டில் கல்யாணம். சீனுவாசனும் வந்திருந்தார். பத்திரிகை வைக்காமல் இருக்க முடியவில்லை என்று தாண்டவராயன் செல்வியிடம் தலை குனிந்தபடி சொன்னார். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சீனுவாசன் அவள் எதிரே வந்து நின்றார். வயசாகிவிட்டது. கையில் தடி. புன்னகை மட்டும் அப்படியே இருந்தது.

“நல்லா இருக்கீங்களேம்மா. முகத்துல தெளிவு தெரியுது. பாருங்க, எல்லாம் நன்மைக்குத்தான்.”

“நன்மையா இல்லையான்னு நான் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது” என்றாள் செல்வி. “எனக்கு நீங்க சொல்ல வேண்டியது வேற ஒண்ணு இருக்குது. ஏழு வருசமாக் காத்துக்கினு இருக்கேன்.”

அவர் அவளைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். “பழசை விடறதுதாம்மா தியானம்” என்றார்.

“அப்ப நான் இன்னும் கத்துக்கல.”

அவர் தடியை ஊன்றிப் போய்விட்டார். செல்வி குழாயைத் திறந்து கை கழுவினாள். கோவிந்தம்மாள் வந்து அவள் தோளைத் தொட்டு, “வுடு செல்வி, கெழவன் இன்னும் எத்தினி நாளைக்கு? மன்னிச்சிட்டுப் போயேன்” என்றாள்.

“மன்னிப்பு கேக்கட்டும். அப்புறம் யோசிக்கிறேன்.”

வெளியே பாக்கியராஜ் வேனை எடுத்துக்கொண்டு வந்து ஹாரன் அடித்தார். செல்வி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே போய் முன் சீட்டில் ஏறினாள்.